விளக்கு என்னும் ஏவல்

தமிழில் ‘விளக்கு’ என்பது பெயர்ச்சொல்; இருளை அகற்றும் பொருளைக் குறிப்பது. அதுவே ஏவல் வினையாகவும் நிற்கும். ‘இதனை விளக்கு’ என ஆசிரியர் கூறினால் மாணவர் விடையுடன் எழுகிறார். வெளிச்சம் தருவதற்கென ஏற்றப்படும் விளக்குகள் ஒரு வகை. செய்தி சொல்வதற்கென்றே ஏற்றப்படும் விளக்குகள் மற்றொரு வகை. மின்பலகையின் சிவப்புப் புள்ளி, இருப்புப் பாதையோரச் சமிக்ஞை விளக்கு, கைப்பேசி மின்னேற்றியின் சிற்றொளி ஆகியன இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இத்தகைய சுட்டு விளக்கு எவ்வளவு ஒளிர்ந்தால் போதும்? இவ்வினாவிற்கு எங்கள் ஊரில் ஓர் இசைக்கருவி விடை சொல்லிற்று.

தேரின் அச்சு இற்ற இடம் எனத் தலபுராணம் கூறும் அச்சிறுபாக்கமே இன்று மக்கள் வழக்கில் அச்சரப்பாக்கம். இங்கே என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், தலைமுறைகளாக நாகசுரம் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்குப் பின் மின்னணுவியலில் பட்டயம் பெற்ற அவர், மாடுலர் சிந்தசைசர் ஒன்றைத் தம் கையாலேயே உருவாக்கினார். ஒலியை உண்டாக்கும் அலை இயற்றி, அதனைச் செதுக்கும் வடிப்பி, காலக்கணக்கை நடத்தும் துடிப்பி எனத் தனித்தனிப் பெட்டகங்கள். அவற்றைக் கம்பிகளால் வேண்டியவாறு இணைத்து இசை உண்டாக்குவதே அக்கருவியின் இயல்பு.

இத்தகைய கருவி நம் நாட்டிற்குப் புதிதன்று. அமெரிக்கப் பொறியாளர் இராபர்ட் மூக் 1964ஆம் ஆண்டு இதன் முன்வடிவை உருவாக்கினார். ஐந்தே ஆண்டுகளில், 1969ஆம் ஆண்டு, அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் ஒன்றை இசைக்கலைஞர் டேவிட் டியூடர் நிறுவினார். கீதா சாராபாய் முதலிய இந்தியக் கலைஞர்கள் அங்கே இசை ஆக்கினர். அந்த ஒலிநாடாக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவை 2023ஆம் ஆண்டு தொகுப்பாக வெளிவந்தன. எங்கள் மாணவரின் கருவியோ, 1990களில் செருமானியர் டீட்டர் டோப்ஃபர் வகுத்த யூரோராக் அளவுமுறையைப் பின்பற்றியது. அம்முறையில் எல்லாப் பெட்டகங்களும் +12, −12 வோல்ட் வழங்கும் ஒரே மின்மூலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

அக்கருவியில் நாற்பது ஒளி உமிழ் டையோடுகளை அவர் பதித்திருந்தார். தாளத்திற்கேற்ப நாற்பதும் ஒருசேர மின்னும். தெருப்பிள்ளைகள் திண்ணையை விட்டு நகர மறுத்தனர். ஆயின் அவர்தம் தந்தையார் கண்ணை மூடிக் கேட்டார். “தம்பி, தாளம் விழுறப்பல்லாம் சுருதி நடுங்குது. ஒத்து ஊதுறவன் மூச்சுத் தட்டுறாப்பல இருக்கு. இத எப்படிப்பா வாத்தியம்னு சொல்றது?” என்றார். மூன்றாண்டு உழைப்பு அந்த ஒரு வினாவில் நிறுத்தப்பட்டது. மாணவர் என்னிடம் வந்து, “ஐயா, அப்பா காது பொய் சொல்லாது. காரணத்தைக் கண்டுபிடிக்கணும்” என்றார்.

காரணம் கணக்கில் இருந்தது. ஒவ்வொரு விளக்கிற்கும் அவர் அளித்தது 20 மில்லி ஆம்பியர். நாற்பது விளக்குகளுக்கு 800 மில்லி ஆம்பியர். சிவப்பு டையோடு ஒளிர ஏறத்தாழ 2 வோல்ட் போதும். 12 வோல்ட்டில் எஞ்சிய 10 வோல்ட், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடையில் வெப்பமாக வீணாகிறது. அதாவது, விளக்கிற்கெனச் செலவாகும் ஆற்றலில் ஆறில் ஐந்து பங்கு விளக்கையே அடைவதில்லை.

அது பொருட்செலவு மட்டுமே எனில் பொறுக்கலாம். அவ்வளவு மின்னோட்டமும் ஒலிப் பெட்டகங்களுக்கும் பொதுவான கம்பி வழியே திரும்புகிறது. அக்கம்பியின் மின்தடை 0.01 ஓம் எனக் கொண்டாலும், 0.8 ஆம்பியர் பாயும்போது 8 மில்லி வோல்ட் வேறுபாடு தோன்றும். இக்கருவியில் 1 வோல்ட் உயர்ந்தால் ஒரு தாயி உயரும். ஆகவே அரைச்சுரம் என்பது ஏறக்குறைய 83 மில்லி வோல்ட். எட்டு மில்லி வோல்ட் என்பது அதில் பத்தில் ஒரு பங்கு. பழகாத செவி அதனைத் தவறவிடலாம். சுருதியோடு வாழ்ந்த செவி தவறவிடாது. விளக்கு மின்னுந்தோறும் சுருதி அசைந்தது.

எல்லா விளக்குகளையும் பிடுங்கிவிட எண்ணினார் மாணவர். அது தீர்வன்று. இருண்ட மேடையில் இரு மின்வழிகளுள் ஒன்று அறுந்தால் எதனைக் கொண்டு அறிவது? ஒலி வரம்பு மீறினால் யார் எச்சரிப்பது? எனவே ஒவ்வொரு விளக்கையும், ‘நீ என்ன சொல்கிறாய்?’ என வினவத் தொடங்கினார். மின்வழி விளக்குகள் இரண்டும், துடிப்பைக் காட்டும் விளக்கும், வரம்பு மீறலை உணர்த்தும் விளக்குகளும் விடை கூறின. பன்னிரண்டு நிலைத்தன, இருபத்தெட்டு விடைபெற்றன.

எஞ்சியவற்றிற்கு 5000 ஓம் அளவில் மின்தடை பொருத்தி, மின்னோட்டத்தை 2 மில்லி ஆம்பியராகக் குறைத்தார். மின்னோட்டம் பத்தில் ஒன்றானால் ஒளியும் பத்தில் ஒன்றாகக் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. நம் கண் ஒளியை அவ்வாறு அளப்பதில்லை. இன்றைய டையோடுகள் அச்சிறு மின்னோட்டத்திலேயே தெளிவாகத் தெரிகின்றன. விளக்குகளுக்கெனத் தனித் திரும்பு கம்பியும் அமைத்தார். 800 மில்லி ஆம்பியர் 24 ஆயிற்று. எஞ்சிய மின்திறனில் இன்னுமோர் அலை இயற்றிக்கு இடம் கிடைத்தது. தந்தையார் மீண்டும் கண்மூடிக் கேட்டார். ஒன்றும் கூறவில்லை, நாகசுரத்தை எடுத்துச் சீவாளியை நனைத்து, அக்கருவியின் சுருதியில் தோடியைத் தொடங்கினார்.

செய்யுளில் அணியைக் கற்பிக்கும்போதெல்லாம் இக்கணக்கு எனக்குப் பயன்படுகிறது. அணி, பொருளை விளக்க வந்தது. பொருளுக்குரிய ஆற்றலைத் தான் உண்டு ஒளிர வந்ததன்று. அணியே வேண்டா என்பதும் அறிவுடைமையன்று. சுட்டு விளக்கில்லாத கருவியைப் போல அவ்வுரை நம்மை இருளில் தடவ வைக்கும். மாணவர்களே, நீங்கள் எழுதும் கட்டுரையாயினும் இயற்றும் கருவியாயினும், ஒவ்வோர் ஒளிக்கும் முன் நின்று ‘விளக்கு’ என ஏவிப் பாருங்கள். விடை சொல்லும் ஒளிக்கு வேண்டிய அளவு மின்னோட்டம் கொடுங்கள்.