அஸருக்காக நின்ற வண்டி



பிழைப்புக்காக வெளிநாடு வந்தவர்களுக்கு இரண்டு நாள் விடுப்பு சேர்ந்து கிடைப்பது அரிது. கோலாலம்பூரில் வாழும் எங்கள் நால்வருக்கும் அது ஒருசேர வாய்த்த வாரத்தில், நெடுநாள் பேசிவந்த பினாங்குப் பயணம் கைகூடியது. எங்களில் மூவர் காயல்பட்டினம், கீழக்கரை எனக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த ஷாஃபிஈ மத்ஹபினர். நான்காமவர் கம்பம் பகுதி ராவுத்தர், ஹனஃபி.

பினாங்கு நம்மவர்களுக்கு அந்நிய ஊரன்று. ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவின் பெயரே சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம்களைக் குறிப்பது. அத்தெருவில் நாகூர் ஆண்டகை பெயரில் ஒரு தர்கா நிற்கிறது. அருகிலுள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் நம் முன்னோரான வணிகர்களால் நிறுவப்பட்டது. அக்காலத்தில் தோளில் கம்பு வைத்து, இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்றவர்களின் உணவுதான் இன்று ‘நாசி கண்டார்’ எனப் புகழ்பெற்றுள்ளது. (நாங்கள் உண்ட கடையில் வரிசை மிக நீளம், ஆயினும் காத்திருந்தது வீண்போகவில்லை.)

ஞாயிறன்று அப்பள்ளிவாசலில் உள்ளூர் இமாமின் பின்னே லுஹர் தொழுதோம். இமாம் உள்ளூர்வாசி என்பதால் பயணிகளாகிய நாங்களும் நான்கு ரக்அத்களை முழுமையாகவே தொழுதோம்; இதில் இரு மத்ஹபுகளும் ஒன்றே. பின்னர் நாங்கள் மூவரும் எழுந்து அஸரைச் சுருக்கி, முற்படுத்திச் சேர்த்துத் தொழுதோம். கம்பத்து நண்பர் தஸ்பீஹ் ஓதியபடி அமர்ந்திருந்தார். ஹனஃபி மத்ஹபில் பயணத்தில் சுருக்கித் தொழுவது வாஜிப். ஆனால் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி, ஒரு வக்தில் இரு தொழுகைகளைச் சேர்க்க இயலாது.

கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். வண்டியோட்டிய கீழக்கரை நண்பருக்கு இரவு ஒன்பது மணிக்கு உணவகத்தில் வேலை. அதற்குமுன் ஒருமணி நேரமாவது கண்ணயர வேண்டும். ஈப்போவைத் தாண்டியதும் வாகன நெரிசல். மணி ஐந்தரை. பின்னிருக்கையில் கம்பத்து நண்பர் கடிகாரத்தைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தார், வாய் திறக்கவில்லை.

“பாய், பயணத்துக்கு மட்டும் ஷாஃபிஈயாக இருந்துகொள்ளக் கூடாதா?” என்றார் வண்டியோட்டியவர். சிரிப்பு எழுந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

சலுகை பெற்றவர்கள் சலுகையில்லாதவரைப் பார்த்துச் சிரிப்பதை நம்மால் ஏற்க முடியவில்லை. அச்சமற்ற காலத்திலும் ஏன் சுருக்கித் தொழ வேண்டும் என உமர் (ரலி) வினவியபோது, அது அல்லாஹ் வழங்கிய தர்மம், ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபிகளார் (ஸல்) விடையளித்தார்கள். தர்மத்தைப் பெற்றுக்கொண்டவருக்குப் பிறரை எள்ளும் உரிமை எங்கிருந்து வந்தது? ரமளானில் நபிகளாருடன் பயணம் செய்த தோழர்களில் நோன்பு நோற்றவர் நோற்காதவரைக் குறைகூறவில்லை, நோற்காதவரும் நோற்றவரைக் குறைகூறவில்லை என அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். மதரஸாவில் இதை ஆண்டுதோறும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். நெடுஞ்சாலையில், உறக்கத்துக்கு ஏங்கும் ஒருவரிடம் அதைச் சொல்வது வேறு. ஆயினும் மெதுவாகச் சொன்னோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. தாப்பா ஓய்விடம் வந்ததும் வண்டியைத் திருப்பி, சூராவுக்கு நெருக்கமாக நிறுத்தினார். கம்பத்து நண்பர் விரைந்து ஒளூ செய்து இரண்டு ரக்அத் தொழுது திரும்பும்வரை ஸ்டியரிங்கில் தலைசாய்த்திருந்தார்.

கோலாலம்பூரை நெருங்கும்போது மக்ரிப் பாங்கு கேட்டது. சாலையோரச் சூராவில் இறங்கினோம். மக்ரிபில் சுருக்கம் இல்லை. எல்லாருக்கும் மூன்று ரக்அத்தே. இகாமத் சொல்லி முடித்த கீழக்கரை நண்பர், கம்பத்து நண்பரின் தோளைப் பிடித்து இமாமின் இடத்துக்கு நகர்த்திவிட்டார். அன்று அவர் உறங்காமலேயே வேலைக்குச் சென்றார்.