ஈரம் காயுமுன் பூசாதீர்கள்



என் மேசை மேல் கிடக்கும் ஓர் அம்பைப் பற்றி இன்று உங்களுக்கு எழுத விரும்புகிறேன். ஆம், வில்லில் பூட்டி எய்யும் அம்புதான். அதன் இறகுகளுக்குச் சற்று முன்னால் கரும்பச்சை நிறத்தில் ஒரு பட்டை இருக்கிறது. பட்டையின் நடுவே வெள்ளை வளையம் ஒன்று. வெள்ளை என்று சொல்கிறேனே தவிர, அது இப்போது வெள்ளையாக இல்லை. ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் கறைபட்டிருக்கிறது. அந்தக் கறை என் கைவேலை. அந்த அம்பை எறிந்துவிடாமல் ஏன் வைத்திருக்கிறேன் என்பதற்கு ஒரு கதை உண்டு.

நான் பணியாற்றும் இந்த ஆங்கிலேயச் சிற்றூரில் வில்வித்தை புராணக் கதையன்று. விடுமுறை நாள் வழக்கம். திருவிழா நாள்களில் உடல்வலிமை உள்ள ஆண்கள் வில் பயில வேண்டும் என்று 1363ஆம் ஆண்டில் மன்னர் மூன்றாம் எட்வர்டு ஆணையிட்ட நாடு இது. 1545இல் கடலில் மூழ்கி, 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பலில் ஆயிரக்கணக்கான மர அம்புகள் கிடைத்தன. இன்றும் இங்கே ஆங்கில நெடுவில்லைப் பயில்வோர் மர அம்புகளையே எய்கின்றனர். அவர்களுள் பலர் அவற்றைத் தம் கையாலேயே செய்துகொள்கின்றனர்.

எங்கள் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அப்படிப்பட்டவர். எண்பதைக் கடந்தவர். வீட்டின் பின்புறம் உள்ள மரக்கொட்டகையில் ஐம்பது ஆண்டுகளாக அம்பு செய்து வந்தவர். சென்ற ஆண்டு அவருடைய மனைவி இறந்தார். அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். இரண்டு நாள் கழித்து அவர் இல்லம் சென்று, நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் மொழிகளையெல்லாம் சொன்னேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அதன் பின்னர் நான்கு மாதங்கள் கோவில் பக்கமே வரவில்லை. முதுமைதான் காரணம் என்று நானாக எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். “ஃபாதர், உங்கள் கை நடுங்குமா?” என்று கேட்டார். நடுங்காது என்றேன். “அப்படியானால் வாருங்கள்” என்றார்.

பேத்திக்கென்று பன்னிரண்டு அம்புகளைச் செதுக்கி, இழைத்து வைத்திருந்தார். வண்ணம் தீட்டுவது மட்டுமே எஞ்சியிருந்தது. அவருடைய விரல்களோ நடுங்கத் தொடங்கிவிட்டன. வளையம் வரைய இயலவில்லை.

வண்ண வளையம் வெறும் அழகுக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அம்பின் முகவரி என்பதை அங்கேதான் அறிந்தேன். பலர் ஒரே இலக்கை நோக்கி எய்யும்போது எந்த அம்பு யாருடையது என்று தெரிய வேண்டுமல்லவா? போட்டிகளில் ஒவ்வோர் அம்பிலும் எய்பவரின் பெயரோ பெயரின் முதலெழுத்துகளோ இருந்தாக வேண்டும். ஒரு சுற்றில் எய்யும் அம்புகள் அனைத்தும் ஒரே வண்ண அமைப்பில் இருக்கவேண்டும் என்பதும் விதி. எனக்கு எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. சலவைக்குப் போகும் துணிகளில் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு புள்ளியும் கோடும் இடுவார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் போகாத குறி அது. ஊரார் துணி முழுவதும் ஒரே வெள்ளாவியில் வெந்தாலும், அந்தக் குறியைப் பார்த்து எங்கள் துணி எங்கள் வீட்டுக்கே வந்து சேரும்.

“பச்சை என்னுடையது, வெள்ளை அவளுடையது” என்றார் பெரியவர். திருமணத்துக்கு முன் அவருடைய அம்புகளில் கரும்பச்சை மட்டுமே இருந்ததாம். அழகான நிறம்தான், ஆனால் குறி தவறிப் புல்லில் விழுந்தால் கண்ணில் படாது. சிவப்பும் அப்படியே. பகலில் பளிச்சென்று தெரியும். அந்தி சாய்ந்தால் கறுத்துப் போய்விடும். புதிதாக மணமுடித்து வந்தவர், மாலைதோறும் கணவரோடு குனிந்து குனிந்து அம்பு தேடிச் சலித்துப்போய், “பச்சையின் நடுவே அகலமாக ஒரு வெள்ளை வளையம் போட்டால் என்ன?” என்று கேட்டிருக்கிறார். அன்று முதல் அம்புகள் தொலைவது குறைந்ததாம்.

அந்த வெள்ளை வளையத்தைத்தான் நான் வரைய வேண்டியிருந்தது. தண்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு ஒன்றை இட்டு, காய விட்டோம். வண்ணம் நீரில் கரையும் அக்ரிலிக். தூரிகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு அம்பை உருட்ட வேண்டும். அப்போதுதான் வளையம் சீராக விழும். பச்சையின் மேல் வெள்ளை ஒரே பூச்சில் மறைத்து நிற்காது. மெல்லிதாக மூன்று முறை பூச வேண்டும். ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். தடிப்பாக ஒரே முறையில் பூசினால் வழியும். அம்பின் பின்புற எடையும் கூடும். இரு நிறங்கள் சந்திக்கும் விளிம்பு யார் வரைந்தாலும் சற்றுக் கோணலாகவே அமையும். அங்கே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றை இட்டுவிட்டால் கோணல் கண்ணுக்குத் தெரியாது.

ஒன்பது அம்புகள் வரை பொறுமையாக இருந்தேன். மறுநாள் எனக்கு வேறு அலுவல்கள் இருந்தன. எஞ்சிய மூன்றையும் பங்கு இல்லத்துக்கு எடுத்துச் சென்று இரவோடு இரவாக முடித்துவிட எண்ணினேன். கறுப்புக் கோட்டுக்குத் தூரிகை எதற்கு? மேசையில் அழியாத மை கொண்ட மார்க்கர் பேனா இருந்தது. அதனால் வரைந்தேன், கோடு அச்சிட்டதுபோல் அமைந்தது. சில நிமிடங்களில் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. உடனே கடையில் வாங்கிய ஸ்பிரே வார்னிஷை அடித்தேன்.

என் கண்முன்னே கறுப்புக் கோடு கரைந்தது. கறுப்பு என்று நான் நம்பியிருந்தது ஊதாவாகி, வெள்ளை வளையம் முழுவதும் படர்ந்தது. துடைத்தேன், இன்னும் பரவியது. அம்மனைவியின் நிறம் என் கையால் கறைபட்டுப் போனது.

அன்றிரவு நான் நன்றாக உறங்கவில்லை. மறுநாள் மூன்று அம்புகளையும் எடுத்துக்கொண்டு குற்றவாளியைப் போல அவர்முன் நின்றேன். அவர் கோபிக்கவில்லை. ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“அந்த மார்க்கரின் மை, நீரில் அழியாது, ஆனால் சாராயம் போன்ற கரைப்பானில் கரையும் சாயம் அது. உங்கள் வார்னிஷும் கரைப்பானால் ஆனதே. அதை மேலே அடித்தால் எத்தனை நாள் காய்ந்த கோடும் கரையத்தான் செய்யும். நீங்கள் வெள்ளையும் முழுதாகக் காயுமுன் அடித்திருக்கிறீர்கள்” என்றார்.

சற்று நேரம் பேசாமல் இருந்தவர், அம்பைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்: “அன்று என் வீட்டில் நீங்கள் சொன்னவையும் தவறானவை அல்ல, ஃபாதர். எனக்கு ஈரம் காயவில்லை, அவ்வளவுதான்.”

உறவுகளே, குருவாக நான் பல ஆண்டுகளாகத் துயருற்ற இல்லங்களுக்குச் சென்று வருகிறேன். உண்மையைச் சொன்னால் போதும், அது ஆறுதல் தரும் என்று நம்பியிருந்தேன். உண்மையே ஆனாலும், ஈரமான துயரத்தின் மேல் பூசப்பட்டால் அதைக் கலக்கிவிடும் என்பதை ஒரு மரக்கொட்டகையில் கற்றேன். அவருடைய நான்கு மாத மௌனத்துக்கு முதுமை காரணமன்று. என் அவசரமே காரணம். மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உப்புத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

இரண்டு அம்புகளைத் தேய்த்து மரத்தின் நிறம் தெரியும் வரை கொண்டுவந்து, மீண்டும் தொடங்கினோம். இம்முறை கறுப்புக் கோட்டுக்கு நீரில் கலந்த நிறமித் தூளால் ஆன அக்ரிலிக் பேனா. அதுவும் காயும் முன் நீர் வார்னிஷைத் தூரிகையால் அழுத்திப் பூசினால் இழுபடும் என்பதால், ஒரு நாள் முழுவதும் காய விட்டோம். முதலில் வெட்டி எஞ்சிய தண்டுத் துண்டு ஒன்றில் அதே அடிப்பூச்சு, அதே வண்ணம், அதே பேனா, அதே வார்னிஷ் என்று வரிசையாகச் சோதித்துப் பார்த்தோம். அதன் பின்னரே அம்பில் கை வைத்தோம். வார்னிஷ் நன்கு இறுகிய பிறகே இறகுகளை ஒட்டினோம். இறகு ஒட்டும் பசையிலும் கரைப்பான் உண்டு, இறுகாத பூச்சை அது இளக்கிவிடும். உங்கள் பிள்ளைகள் மரத்தில் எதை வரைந்தாலும் இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள்: முதலில் எஞ்சிய துண்டில் சோதனை, பிறகு பொருளில்.

அந்த நாள்களில் நான் எந்த ஆறுதலும் சொல்லவில்லை. பூச்சு காயும் நேரத்தில் தேநீர் அருந்தினோம். அவர் தம் மனைவியைப் பற்றிப் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது அம்பைத் தேய்க்க வேண்டாம் என்று கேட்டு வாங்கி வந்தேன். பேத்திக்குப் பதினொன்று போதும் என்றார் பெரியவர். சென்ற மாதம் அப்பெண் முதன்முறையாக எய்த அம்பு இலக்கைத் தாண்டிப் புல்லுக்குள் விழுந்தது. மூவரும் தேடிச் சென்றோம். பொழுது மங்கிக்கொண்டிருந்தது. பெரியவர்தான் முதலில் கண்டார். புல்லின் நடுவே வெள்ளை வளையம் தெளிவாகத் தெரிந்தது. குனிந்து எடுக்க அவரால் இயலவில்லை, பேத்தி எடுத்தாள். அவர் அவ்வளையத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

இப்போது துக்க வீட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் என் மேசையில் கிடக்கும் கறைபட்ட அம்பைப் பார்த்துவிட்டே செல்கிறேன். நீங்களும் இவ்வாரம் அப்படி ஒரு வீட்டுக்குச் செல்ல நேர்ந்தால், சொற்களைச் சற்று நேரம் பையிலேயே வைத்திருங்கள், அருகில் அமருங்கள், அவர்கள் பேசட்டும்.

அன்புடன்,
உங்கள் அருள்பணியாளர்