கிள்ளான் பத்தர் சொன்ன கைப்பக்குவம்



கிள்ளான் பட்டணத்துக்கு நாம் எதற்குப் போவோம்? தீபாவளிக்குச் சேலை எடுக்க, கோயிலுக்கு மாலை வாங்க, பிள்ளைக்குக் காது குத்தத் தோடு வாங்க. இந்த முறை ஒன்றும் வாங்க வேண்டாம். கழுத்தில் கிடப்பதை வீட்டிலேயே எப்படிக் கழுவி வைப்பது என்று கேட்டு வருவோம், வாருங்கள்.

இரயிலை விட்டு இறங்கினால் தெங்கு கிளானா சாலை கூப்பிடு தூரம்தான். 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ஓடத் தொடங்கிய இரயில், பாலம் போட்ட பிறகு 1890இல் ஆற்றைத் தாண்டிக் கிள்ளானுக்குள் வந்தது. ஐந்தடியில் நடந்தால் மல்லிகைச் சரமும் சாம்பிராணிப் புகையும் பலகார வாசனையும் நம்மை வழிமறிக்கும். இடையிடையே கண்ணாடிக்குள் பளபளக்கும் நகைக்கடைகள். சுற்று வட்டாரத் தோட்டங்களில் இருட்டோடு எழுந்து பால்மரம் சீவியவர்களின் சம்பளம், வெள்ளி வெள்ளியாகச் சேர்ந்து இங்கேதான் பவுனாக மாறியது. நமக்கு அதுதான் சேமிப்பு. வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் முதலில் கழற்றுவதும் அதைத்தான்.

அதனால்தான் என் அம்மாவுக்கு நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்துக்கு ஒருவன் சைக்கிளில் வந்தான். "நகை பாலிஷ்! காசு குறைவு!" என்று கூவினான். அம்மா தம் மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். முந்தின தீபாவளிக்குத்தான் வாங்கியது. மஞ்சள் தண்ணீர் போன்ற எதிலோ அதைப் போட்டுச் சூடு காட்டினான். எடுத்தபோது புதுச் சங்கிலியாக மின்னியது. லயமே வாய்பிளந்தது. அழுக்குத் தண்ணீரைக் கொட்டி வருகிறேன் என்று நான் கிண்ணத்தைத் தூக்கப் போனேன். "வேண்டாம் தம்பி, நானே கொட்டிக்கிறேன்" என்று அவசரமாக வாங்கிக்கொண்டான்.

சில மாதம் கழித்து அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அம்மா சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டு போனார். ரசீதில் 24 கிராம், தராசில் இருபத்திரண்டரை. அம்மா கடைக்காரர் முகத்தையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு மீட்டெடுத்த அதே சங்கிலி இன்று என் மனைவி கழுத்தில் இருக்கிறது. கொக்கி தேய்ந்துவிட்டதென்று அண்மையில் கிள்ளானில் ஒரு பத்தரிடம் கொண்டு போனேன். மாடிப்படி ஏறினால் சின்னப் பட்டறை. வயதானவர். பழைய கதையைச் சொன்னதும் சிரித்தார்.

"அது ராஜ திராவகம் கலந்த தண்ணிங்க. உப்புத் திராவகம் தனியா தங்கத்தைத் தொடாது. வெடியுப்புத் திராவகமும் தொடாது. ரெண்டும் சேர்ந்தா தங்கம் கரையும். கரைஞ்சது அந்தத் தண்ணியிலதான் இருக்கும். அதான் உங்களைக் கொட்ட விடல."

பத்தர் சொன்ன பக்குவத்தைக் கேளுங்கள். 916 என்ற முத்திரை, ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பதைக் காட்டும். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். தங்கம் துருப்பிடிக்காது. மங்கலாகத் தெரிவது வியர்வை, எண்ணெய், மஞ்சள், சோப்புப் படிவு. அதைக் கழுவ முரட்டு மருந்து எதற்கு?

ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பில் சில சொட்டு விடுங்கள். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் இருந்தால் அதுவும் நல்லது. கால் மணி நேரம் ஊறட்டும். குழந்தைகளின் மெல்லிய பல் துலக்கியால் கண்ணி கண்ணியாகத் தேயுங்கள். வேறு கிண்ணத்து நல்ல தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி, ஈரம் போக உலர்த்துங்கள். ஓடும் குழாயின் கீழே கழுவாதீர்கள். கழன்ற திருகாணி சாக்கடையோடு போய்விடும்.

பற்பசையும் சாம்பலும் வேண்டாம், தங்கத்தைக் கீறும். துணி வெளுக்கும் குளோரின் தண்ணீரில் கை வைக்கும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். முத்து, பவளத்தை ஊற வைக்கக் கூடாது. புளியும் எலுமிச்சையும் அவற்றை அரித்துவிடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். பின்பக்கம் மூடிய கல்தோட்டையும் ஊற வைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் கல் ஒளி மங்கும். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துப் போகும். முகம் வெளுக்கப் பூசும் சில களிம்புகளில் அது இருக்கிறது. அப்படி வெளுத்த நகையை வீட்டில் நெருப்பில் காட்டவே வேண்டாம். அந்தப் புகை நஞ்சு. பத்தரிடம் விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

சங்கிலியையும் தோட்டையும் ஒரே டப்பாவில் போட்டால் உரசித் தேயும். தனித்தனித் துணியில் முடிந்து வையுங்கள். கொக்கியையும் திருகாணியையும் மாதம் ஒருமுறை பாருங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பட்டறைக்குக் கொடுக்கும் முன்னும் வாங்கிய பின்னும் உங்கள் கண் முன்னே நிறுத்துப் பாருங்கள். நல்ல பத்தர் அதற்குக் கோபிக்க மாட்டார். இவரும் நான் கேட்காமலே சங்கிலியைத் தராசில் வைத்துக் காட்டிய பிறகுதான் கொக்கியில் கை வைத்தார்.

திரும்பி வரும்போது ஒரு முழம் மல்லிகை மட்டும் வாங்கினேன். அன்று சாயங்காலம் மனைவி திண்ணையில் உட்கார்ந்து சங்கிலியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். தொண்ணூறை நெருங்கும் அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழுவி முடிந்ததும் கிண்ணத்தைக் கையில் வாங்கி, உள்ளே ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, தாமே எழுந்து போய் முற்றத்து வாழை மரத்தடியில் ஊற்றினார்.