முதல் ஐவரில் யார்?

கூடைப்பந்துக் களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். அவர்களில் பாயிண்ட் கார்டு என்பவரின் வேலை, கல்யாணப் பந்தியில் பரிமாறுபவரின் வேலையைப் போன்றது. பந்தை 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். 24 நொடிக்குள் யாராவது கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் யாருக்கு, எந்த இடத்தில், எப்போது பந்து போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவர்தான் முடிவு செய்கிறார். பரிமாறத் தெரியாதவர் கையில் கரண்டி இருந்தால், சமையல் எவ்வளவு ருசியாக இருந்தாலும் பந்தி கெட்டுவிடும்.

அதனால்தான் ஆட்டத்தைத் தொடங்கும் பாயிண்ட் கார்டு யார் என்ற கேள்வி பயிற்றுநர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. நான் என்பிஏ ஆட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அமெரிக்காவில் இரவு ஆட்டம் என்றால் நமக்கு அது பசியாறும் நேரம். வெற்றி தோல்விகள் பலவும் மறந்துவிட்டன. ஆனால் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி இந்தக் கேள்விக்கு விடை தேடிய விதம் மட்டும் மறக்கவில்லை. காரணம், டோனி பார்க்கர் என்ற ஒரே ஆட்டக்காரர் அந்தக் கேள்வியின் இரு கரையிலும் நின்றார்.

2001ஆம் ஆண்டு. பார்க்கர் பிரான்சில் வளர்ந்த 19 வயது இளைஞர். முதல் சோதனைப் பயிற்சியில் ஸ்பர்ஸ் பயிற்றுநர் கிரெக் பாப்பவிச்சுக்கு அவரைப் பிடிக்கவில்லை. உடல்பலம் போதாது என்று நினைத்தார். அணி நிர்வாகத்தினர் பார்க்கரின் ஆட்டக் காணொளிகளைக் காட்டி, இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை பிடித்துப்போனது. அந்த ஆண்டு டிராஃப்டில் 28ஆவது ஆளாக அவரை எடுத்தார்கள்.

அப்போது அந்த இடத்தில் ஆடியவர் அன்டோனியோ டேனியல்ஸ். 1997 டிராஃப்டில் 4ஆவதாக எடுக்கப்பட்டவர். 1999இல் வெற்றிக் கிண்ணம் வென்ற ஸ்பர்ஸ் அணியிலும் இருந்தவர். பருவம் தொடங்கிச் சில ஆட்டங்களே முடிந்திருந்த நிலையில், பாப்பவிச் அவரை மாற்று வரிசைக்கு அனுப்பிவிட்டு 19 வயதுப் பையனை முதல் ஐவரில் நிறுத்தினார்.

அன்று இருவரில் திறமைசாலி யார் என்று மட்டும் பார்த்திருந்தால் அனுபவசாலியே நின்றிருப்பார். டிம் டங்கன் போன்ற பெரிய ஆட்டக்காரருக்குப் பந்தை எங்கே கொடுத்தால் அவருக்கு வசதி என்பது புதிய பையனுக்கு எப்படித் தெரியும்? ஆடி, தவறவிட்டு, திட்டு வாங்கித்தான் தெரியும். பாப்பவிச் அவரைத் திட்டியதற்கும் குறைவில்லை. ஆனால் திட்டியவர் இடத்தைப் பறிக்கவில்லை. யாருடைய தவறுகளுக்கு நாம் விலை கொடுக்கத் தயார் என்பதும் இந்தத் தேர்வில் அடங்கியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

விலை சில நேரம் அதிகம். 2003 இறுதிச் சுற்றில் ஸ்பர்ஸ், நியூ ஜெர்சி நெட்ஸ் அணியைச் சந்தித்தது. கிண்ணத்தை வென்ற ஆறாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பார்க்கர் உட்கார்ந்திருந்தார். களத்தில் ஸ்பீடி கிளாக்ஸ்டன் நின்று முடித்துக் கொடுத்தார். அதோடு விடவில்லை. எதிரணியின் நட்சத்திர பாயிண்ட் கார்டு ஜேசன் கிட்டைத் தங்கள் அணிக்கு இழுக்க, அதே ஆண்டு ஸ்பர்ஸ் ஊரறிய முயன்றது. கிட் வர மறுத்துவிட்டார்.

21 வயதில் கிண்ணம் வென்ற கையோடு, தன் இடத்துக்கு வேறு ஆளைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எப்படி இருந்திருக்கும்? பார்க்கர் முகம் திருப்பிக்கொள்ளவில்லை. அடுத்த பருவத்திலும் தொடக்க பாயிண்ட் கார்டு அவரே. 2007இல் ஸ்பர்ஸ், கிளீவ்லேண்டை 4-0 என்று வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. 2014இல் நான்காவது கிண்ணம்.

கதை இங்கே முடிந்திருந்தால் பொறுமைக்குப் பலன் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் என்னை யோசிக்க வைத்தது அதன் மறுபாதிதான்.

2017 மே மாதம் பார்க்கரின் தொடைத் தசைநார் அறுந்தது. 35 வயதில் அந்தக் காயத்திலிருந்து மீண்டு, நவம்பரில் களத்துக்குத் திரும்பினார். 2018 ஜனவரியில் பாப்பவிச் அவரை அழைத்து, இனி டிஜான்டே மர்ரே ஆட்டத்தைத் தொடங்குவார் என்றார். மர்ரேக்கு வயது 21. அவரும் டிராஃப்டில் பின்வரிசையில், 29ஆவதாக வந்தவர். 17ஆவது பருவத்தில் இருந்த பார்க்கர், அணிக்கு நல்லது என்றால் சரி, மர்ரேக்கு என்னால் முடிந்த உதவியைச் செய்வேன் என்ற பொருளில் செய்தியாளர்களிடம் பேசினார். அந்தப் பருவத்தில் மர்ரே, என்பிஏ சிறந்த தற்காப்பாளர்களின் இரண்டாம் அணியில் இடம்பிடித்தார்.

அந்தச் செய்தியைப் படித்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளையாட்டில் இதெல்லாம் சகஜம்தானே. சில ஆண்டுகள் கழித்து, அலுவலகத்தில் ஒரு சிறிய குழுவின் பொறுப்பு என்னிடம் வந்தபோதுதான் அதன் கனம் புரிந்தது. ஒரு முக்கிய வாடிக்கையாளரை யார் கவனித்துக்கொள்வது என்று நான் முடிவு செய்ய வேண்டும். பல ஆண்டுகளாக அதைச் செய்தவர் என்னைவிட மூத்தவர், நான் அண்ணன் என்று அழைப்பவர். வேலையில் குறையே இல்லை. ஆனால் இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு பெறுவார். இன்னொருவர் சேர்ந்து இரண்டாண்டுகூட ஆகாத பெண். கற்றுக்கொள்ளும் வேகம் அபாரம்.

பெண்ணைத்தான் தேர்ந்தெடுத்தேன். தேர்வு கடினமாக இல்லை. அதை அண்ணனிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. கூட்டத்தில் அறிவிப்பதற்கு முன் அவரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “வருத்தமில்லன்னு சொன்னா அது பொய், தம்பி” என்றார். மறுநாள் காலை அந்தப் பெண்ணின் மேசையில், வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவர் கைப்பட எழுதிய நான்கு பக்கக் குறிப்பு இருந்தது.

இடம் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்வது எளிது. விட்டுக்கொடுப்பவருக்கு அது ஒரு தத்துவம் அல்ல. நேற்றுவரை தன் கையில் இருந்த கரண்டி. தேர்ந்தெடுப்பவருக்கு இரண்டு கடமைகள் உண்டு என்று நினைக்கிறேன். புதியவர் தடுமாறும்போது அவருக்குப் பின்னால் நிற்பது. பழையவரிடம் நேரில் போய்ச் சொல்வது.

2023இல் பார்க்கரும் பாப்பவிச்சும் ஒரே ஆண்டில் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். 19 வயதில் இடம் கொடுத்தவரும் அவரே, 35 வயதில் எடுத்துக்கொண்டவரும் அவரே. இருவரும் ஒரே மேடையில் மரியாதை பெற முடிந்தது என்றால், இரண்டு முறையும் அந்தக் காரியம் நேர்மையாக நடந்தது என்றுதான் அர்த்தம்.