பக்கத்திரை அருகே ஒருவர்

என் ஐம்பத்திரண்டாம் அகவையில், ஒரு திங்கட்கிழமை முதற்பாடவேளையில், நான் பேச்சிழந்து நின்றேன். பல்லாண்டுகளாக நடத்தி வந்த புறநானூற்றுப் பாடல்தான். முதலடியைச் சொல்லி நிமிர்ந்தேன். இரண்டாம் அடி வரவில்லை. தொண்டை அடைத்தது. நான் பாடலின் சுவையில் தோய்ந்திருப்பதாக எண்ணி மாணவர்கள் காத்திருந்தனர். அன்று எப்படியோ தப்பினேன். மறுநாள் வகுப்பறை வாயிலிலேயே கால்கள் தயங்கின. புதிய ஆசிரியருக்கு வரும் நடுக்கம் எனக்கு வந்ததென்று சொல்ல நாணி, எவரிடமும் சொல்லவில்லை.

அந்நாள்களில்தான் ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் எழுதி 1982இல் வெளிவந்த தன்வரலாறு என் கைக்குக் கிடைத்தது.

ஒலிவியர் 1907இல் டார்க்கிங் என்னும் ஊரில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதில் பள்ளி நாடகத்தில் புரூட்டஸ் வேடமிட்டார். அதைக் கண்ட புகழ்பெற்ற நடிகை எலன் டெரி வியந்து பாராட்டினார். பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார். தமையன் தோட்டத்தொழிலுக்காக இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, தாம் எப்போது செல்லலாம் எனத் தந்தையிடம் கேட்டார். நீ செல்லவேண்டியது இந்தியாவுக்கன்று, மேடைக்கு என்றார் அக்கண்டிப்பான தந்தை. மகன் நடிகனாக வேண்டுமெனப் பாதிரியார் ஒருவர் முடிவுசெய்தது இன்றும் எனக்கு வியப்பே.

1924இல் இலண்டன் நாடகப்பள்ளியில் சேரச் சென்றபோது, அதன் நிறுவனர் எல்சி ஃபோகர்ட்டி அவருடைய புருவ நடுவில் விரல் வைத்து, முகத்தின் குறை இங்கேதான் என்றார். அச்சொல் அவருள் தங்கிவிட்டது. பின்னாளில் எத்தனையோ வேடங்களுக்கு ஒட்டுமூக்கு வைத்தே நடித்தார். தொழில்முறை நடிகராக முதன்முதல் பிரைட்டன் நகர மேடையேறிய அன்றோ, நிலைப்படியில் கால் தடுக்கும் எனப் பலர் எச்சரித்திருந்தும், தடுக்கிக் குப்புற விழுந்தார்!

விழுந்தவர் எழுந்து உயர்ந்த கதையை உலகம் அறியும். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் திரைக்குக் கொணர்ந்தார். 1948இல் வெளிவந்த ஹேம்லட் அவருக்கு ஆஸ்கர் விருது பெற்றுத் தந்தது. 1963இல் தேசிய நாடக அரங்கின் முதல் இயக்குநரானார்.

அந்த உச்சியில்தான் அச்சம் வந்தது. 1964இல், ஐம்பத்தேழு வயதில், இப்சன் நாடகமொன்றில் நடிக்கையில் தொண்டை இறுகியது; அவையோர் கண்முன் சுழன்றனர். அதே காலத்தில் ஒத்தெல்லோவாகவும் நடித்துவந்தார். வெள்ளையரொருவர் கருமை பூசி நடித்த அவ்வேடம் இன்று எனக்கு உவப்பானதன்று. எனினும் அதற்காகப் பல மாதம் பயின்று தம் குரலையே தாழ்த்திய உழைப்பை மறுக்க இயலாது. அத்தகைய உழைப்பாளிக்கு மேடையில் தனித்து நிற்க அஞ்சும் நிலை வந்தது. ஆகவே இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லேயிடம் ஓர் உதவி வேண்டினார். தாம் தனியே பேசும்போது, அவையோர் காணாதபடி, தம் கண்ணுக்குப் படுமாறு பக்கத்திரை அருகே நிற்கவேண்டும் என்பதே அது. ஃபின்லே நின்றார். வேறொரு நாடகத்தில் உடன் நடித்தவர்களிடம், என் கண்களை நேராகப் பார்க்காதீர்கள் எனக் கேட்டுக்கொண்டார். இவ்வாறு ஐந்தாண்டுகளுக்கும் மேலாக நடித்தார். மேடையை விட்டு ஓடவில்லை.

இப்பகுதியை மும்முறை படித்தேன். என்னை வியக்கச் செய்தது அவருடைய துணிவு மட்டுமன்று. அத்துணைப் பெரிய நடிகர், தம்மினும் இளையவரிடம் வாய்திறந்து உதவி கேட்டாரே!

மறுநாள் முதல் வரிசை மாணவி ஒருத்தியிடம், நான் பாடல் சொல்லும்போது நூலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார் அம்மா என்றேன். "சரிங்க ஐயா" என்றாள், காரணம் கேட்கவில்லை. சில வாரங்கள் கழித்து ஒருநாள் மீண்டும் அடி மறந்தது. அவள் உதடுகள் ஒலியின்றி ஒரு சொல்லை அசைத்தன. பாடலைக் கடைசி வரிசைக்கும் கேட்கச் சொல்லி முடித்தேன்.

ஒலிவியரை அவ்வச்சம் பின்னர் விட்டு நீங்கியது. 1973இல், தம் இறுதி மேடை வேடத்தில், ஏறத்தாழ இருபது நிமிடம் நீளும் பேச்சைப் பல மாதம் மனப்பாடம் செய்து தனியொருவராகப் பேசினார்.

என் மாணவி அவ்வாண்டு முழுவதும் நூலைத் திறந்தே வைத்திருந்தாள்.