விதியும் காரணமும்

தோட்டத்துக் காரியாலயத்தில் கிராணி வேலை பார்க்கும் ஒருவனுக்கு வைத்தியக் கல்வியைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு என்று அன்பர்கள் வினவக்கூடும். தகுதி ஒன்றுமில்லை, நான் செய்த ஒரு பிழை உண்டு. அதுவே என்னை இப்பொருளிடம் கொண்டுவந்து சேர்த்தது.

சென்ற ஆண்டு எங்கள் காரியாலயத்தில் ஓர் இளைஞர் சின்னக் கிராணியாக அமர்ந்தார். செக்ரோல் எழுதும் முறையை அவருக்கு நானே கற்பித்தேன். “காலைப் பிரட்டில் நில்லாதவருக்கு அன்று பெயர் போடலாகாது” என்பது நான் சொன்ன விதி. அவரும் அதனை நன்றாக மனத்தில் இருத்திக்கொண்டார். ஒருநாள், மண்டோரின் உத்தரவுப்படி விடியுமுன்னரே உரக் கொட்டகைக்குச் சென்று மூட்டை இறக்கிய ஓர் அம்மையாருக்கு ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டார். சம்பளத் தினத்தன்று ஒரு நாட் கூலி குறைந்திருக்கக் கண்ட அவ்வம்மையார், காரியாலய வாசலில் நின்று கண்ணீர் வடித்தார். கணக்கைத் திருத்திப் பணத்தைக் கொடுத்தோம். பின்னர் இளைஞரைக் கடிந்துகொண்டேன். அவரோ, “நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதானே அண்ணே செய்தேன்?” என்றார்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. வேலைக்கு வாராதவர் பெயரில் கூலி எழுதப்படாமல் தடுப்பதற்கே அவ்விதி ஏற்பட்டது. அக்காரணத்தை நான் அவருக்குச் சொல்லவேயில்லை.

அச்சமயம் வைத்திய மாணவியாகிய என் தங்கை விடுமுறைக்கு வந்திருந்தாள். இரவெல்லாம் விதிகளை நெட்டுருச் செய்துகொண்டிருந்தாள். “எட்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு டெட்ராசைக்ளின் கொடுக்கலாகாது” என்பது அவற்றுள் ஒன்று. “ஏன்?” என்று கேட்டேன். “தேர்வில் அதைக் கேட்கமாட்டார்கள் அண்ணா” என்று நகைத்தாள். அவளைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆங்கில வழியில் பயின்ற நானும் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவித்தே தேறியவன். எனினும் அக்கேள்வி என்னை விடவில்லை. விடையைத் தேடிப் படிக்கலானேன். அப்போது இதே விதியைக் குறித்த ஒரு வரலாறு என் கண்ணிற்பட்டது.

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் முதலியோர் ‘மைசின்’ என்னும் கணினி நிரலை உருவாக்கினர். இரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிக்கு எம்மருந்து தகும் என்று யோசனை சொல்வது அதன் தொழில். “இன்னது இருப்பின் இன்னது முடிவு” என்னும் வடிவில் ஏறத்தாழ 450 விதிகள் அதனுள் இருந்தன. 1979இல் வெளியான பரிசோதனை ஒன்றில், அதன் யோசனைகள் அங்குள்ள வைத்தியப் பேராசிரியர்களின் யோசனைகளுக்குத் தாழ்ந்தனவாக இல்லை.

இத்துணை அறிந்த இயந்திரம் மாணவர்க்கு ஆசானாகலாகாதோ என்று எண்ணிய வில்லியம் கிளான்சி என்பார், அதே 1979இல் ‘கைடன்’ என்னும் நிரலை அமைத்தார். ஒரு நோயாளியின் விவரத்தை மாணவர் கேட்டுக் கேட்டு அறிவார். அறிந்த அளவைக் கொண்டு மைசின் என்ன முடிவிற்கு வரும் என்று கணினி ஒவ்வொரு படியிலும் கணக்கிடும். அதனை மாணவரின் கூற்றோடு ஒப்பிட்டு, எவ்விதிகளை அவர் அறிவார், எவற்றை அறியார் என ஊகிக்கும். மாணவரின் அறிவிற்கு ஒரு நிழலைக் கணினிக்குள் வரைவது போன்றது இம்முயற்சி.

ஆனால் அங்கே ஒரு குறை வெளிப்பட்டது. கணினி விதியைச் சொல்லிற்று. அதன் காரணத்தைச் சொல்ல இயலவில்லை. டெட்ராசைக்ளின் வளரும் பல்லிலும் எலும்பிலும் உள்ள சுண்ணச் சத்தோடு கூடிப் பல்லை நிரந்தரமாகக் கறைப்படுத்தும் என்பது விதிக்குள் எழுதப்படவில்லை. மற்றொரு விதி, நோயாளி பதினேழு வயதைக் கடந்தவரா என்று முதலிற் பார்த்து, அதன் பின்னரே குடிப்பழக்கம் உண்டா என்று கேட்கும். சிறு குழந்தையிடம் அக்கேள்வியைக் கேட்பது பொருந்தாது என்பது எழுதியவர் உள்ளத்தில் இருந்தது. கணினிக்குள் இருந்தது வெறும் வரிசை மட்டுமே. இதனை உணர்ந்த கிளான்சி, 1980களின் தொடக்கத்தில், நோயை ஆராயும் முறையைத் தனியே எடுத்தெழுதி ‘நியோமைசின்’ என்னும் நிரலை அமைக்க முற்பட்டார்.

மாணவரின் பிழையை ஆராயப் புகுந்தவர்க்கு ஆசானின் மௌனம் அகப்பட்டது. மாணவர் விளங்காதபோதும் தலையசைப்பதுண்டு. கணினிக்கு அவ்வழக்கம் இல்லை. ஆதலின் நாம் சொல்லாது விட்டவையெல்லாம் அங்கே வெற்றிடமாக நின்றன.

காரணம் அறிந்தவரே விதியை எப்போது மீறலாம் என்பதையும் அறிவர். உண்ணிக்கடியால் வரும் கடுங்காய்ச்சல் சிலவற்றில், சிறு குழந்தையாயினும் அவ்வினத்தைச் சேர்ந்த டாக்சிசைக்ளினையே கொடுக்குமாறு வைத்தியர் இன்று கூறுகின்றனர். பல்லின் வெண்மையினும் உயிர் பெரிதன்றோ? அவ்வாறே, மண்டோர் அனுப்பி வேலை செய்தவரின் கூலியும் பிரட்டு விதியினும் பெரிது.

தங்கை தன் குறிப்பேட்டில் விதிக்கருகே காரணத்தையும் எழுதிக்கொண்டாள். இளைஞரை அழைத்துச் செக்ரோல் விதிகளின் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லலானேன். நான்காவது விதியில் அவர், “இது ஏன் அண்ணே?” என்றார். முன்னிருந்த பெரிய கிராணி சொல்லியதை நான் சொல்லிவந்தேனேயன்றி, காரணம் எனக்கும் தெரியாது. “தெரியவில்லை தம்பி, விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன். பன்னிரண்டு ஆண்டு உத்தியோகத்தில் நான் அவ்வாறு சொன்னது அதுவே முதன்முறை. நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் ‘ஏன்’ என்று கேட்கும் பிள்ளையை அதட்டி அடக்குவோர், தம்மிடம் விடை உண்டா என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பாராக.