மூச்சா, மானமா?

காய்ச்சல் கண்டால் கஞ்சி வைக்கிறோம். கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். பாம்பு தீண்டினால் தெருவே திரண்டுவர, தோளில் சுமந்து மருத்துவமனைக்கு ஓடுகிறோம். ஆனால், வீட்டுப் பிள்ளை போதை மாத்திரைக்கு ஆட்பட்டுவிட்டான் என்று தெரிந்த அன்று என்ன செய்கிறோம்? கதவைச் சாத்துகிறோம். உற்றாரிடம் சொல்வதில்லை, ஊராரிடம் சொல்வதில்லை, மருத்துவரிடமும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால், 'குடும்ப மானம்' என்கிறோம்.

மானம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த மானம்? பிறரை ஏய்த்துப் பிழைப்பவனுக்குப் போகவேண்டிய மானம், நோயுற்ற பிள்ளையைப் பெற்றவளுக்கு ஏன் போகவேண்டும்? நோய்க்கு நாணுவது அறிவுடைமை ஆகுமா? தோழர்களே, இதை உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

நாம் ஓர் உயர்நிலைப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர். கல்லூரியில் கலைப் பட்டம் பெற்றுப் பணியேற்று நான்கு ஆண்டுகளே ஆகின்றன. மருத்துவம் நமது துறையன்று. ஆயினும், யாரைக் கேட்பது என்று தெரியாதபோது பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கேட்பது நம் ஊர்களின் வழக்கம். அப்படிக் கேட்க வந்த தாய்மார்களால்தான் இதைப் பற்றி நாம் கற்க நேர்ந்தது. கற்றதை நமக்குள் பூட்டி வைப்பது முறையாகாது.

அபினி என்னும் சொல்லை நம் பாட்டிமார்களும் அறிவர். அந்த அபினியின் குடும்பம் பெரிது. மார்பின் அதன் பிள்ளை. ஹெராயின் அதன் பேரன். 1898-இல் அந்த ஹெராயினை இருமல் மருந்தென்று சொல்லிக் கடைகளில் விற்றார்கள் என்றால் இன்று யார் நம்புவார்? அதே வேலையை மூளையில் செய்யும்படி ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்ட வலிநீக்கிகளும் உண்டு. டிரமடால், டேபென்டடால் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. கடும் வலிக்கு மருத்துவர் அளந்து கொடுத்தால் மருந்து. சீட்டில்லாமல் வாங்கி, கைநிறைய விழுங்கினாலோ, நீரில் கரைத்து நரம்பில் ஏற்றினாலோ நஞ்சு. நம் தமிழ்நாட்டு நகரங்களில் இளைஞர் பலரை வீழ்த்தி வருவது இந்த மாத்திரைதான்.

வீழ்ந்தவர் சிலர்தானே என்று எண்ணவேண்டாம். நடுவண் அரசு 2019-இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, 10 வயது முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் நூற்றுக்கு இருவர் அபினி வகைப் பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 77 இலட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. ஒவ்வொருவர் பின்னும் ஒரு குடும்பம். அத்தனை வீடுகளும் கதவைச் சாத்திக்கொண்டால், இருட்டில் இருப்போர் எத்தனை கோடி!

அப்படியொரு வீட்டிலிருந்துதான் அந்த அம்மையார் வந்தார். அவருடைய இளைய மகன் நம் வகுப்பு மாணவன். மூத்தவனோ சுமை தூக்கும் தொழிலாளி, வயது 21. முதுகு வலிக்கு ஒரு மாத்திரை என்று உடனுழைப்பவர் ஒருவர் கொடுத்தார். வலி போயிற்று, மறுநாள் வேலைக்கு மாத்திரை தேவைப்பட்டது, பின்னர், வேலைக்கே போகாமல் மாத்திரை மட்டும் தேவைப்பட்டது.

"தம்பி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கோயில்லே கயிறு கட்டினோம். பூசாரி, ஏதோ ஏவல்னு சொன்னார். நாலாயிரம் செலவாச்சு. ஒண்ணும் நடக்கலே" என்றார்.

எப்படி நடக்கும்? மூளையில் நிகழ்ந்த மாற்றத்தைக் கையில் கட்டிய கயிறு அறியுமா? மாத்திரை நின்றதும் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, எலும்பை முறிப்பது போன்ற வலி, தூக்கமின்மை என்று வரிசையாக வருவதைப் பேயின் ஆட்டம் என்றார் பூசாரி. மருத்துவ நூல் அதனை விலகல் துன்பம் என்கிறது. பேருக்கொரு பேய் வைத்துப் பிழைப்போர் இருக்கும்வரை நோய்க்கு மருந்து தேடுவோர் குறைவாகத்தான் இருப்பர்.

கயிற்றோடு நின்றாலாவது காசு மட்டும் போகும். சங்கிலிக்குச் செல்லும்போது உயிரே போகிறது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளரை அடைத்து வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றிக் கருகி மாண்டார்களே, மறக்க முடியுமா? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை அறவே தடைசெய்கிறது. போதைப் பழக்கத்தால் விளையும் மனநிலைக் கேடுகளையும் மனநோய் என்றே அச்சட்டம் கொள்கிறது. அரசு மருத்துவம் பெறுவது உரிமை என்கிறது. நோயாளரைப் பற்றிய செய்தியைக் காப்பது கடமை என்கிறது. எனவே, 'எங்களிடம் விடுங்கள், அடித்துத் திருத்துகிறோம்' என்று யாரேனும் சொன்னால், பதிவுச் சான்று எங்கே, மருத்துவர் எங்கே என்று கேளுங்கள். இரண்டும் இல்லையெனில் திரும்பிப் பாராமல் வெளியேறுங்கள்.

அந்த அம்மையாரையும் அவர் மகனையும் அழைத்துக்கொண்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் சென்றோம். அவன் வருவதற்கு இசைந்தது அச்சுறுத்தியதால் அன்று. 'வலிக்கு மருந்து தருவார்கள், திட்டமாட்டார்கள்' என்று தம்பி சொன்னதால்தான். புறநோயாளர் சீட்டு வாங்கி, மனநலப் பிரிவின் முன்னே வரிசையில் அமர்ந்தோம். அம்மையார் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் பக்கத்தில் இருந்த பெண்மணி, "உங்க பையனுக்கும் மாத்திரைதானா?" என்று மெல்லக் கேட்டார். முந்தானை விலகியது. ஓராண்டாக ஒருவரிடமும் பேசாத துயரை, பெயர் தெரியாத ஒருத்தியிடம் ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தார் அந்தத் தாய். மருந்துக்கு முன்பே தொடங்கிய மருத்துவம் அது!

மருத்துவர் கடிந்து பேசவில்லை. எத்தனை மாத்திரை, எத்தனை நாளாக, ஊசி உண்டா என்று கேட்டார். ஊசி உண்டென்றதும் எச்.ஐ.வி.க்கும் மஞ்சட்காமாலைக் கிருமிக்கும் குருதிச் சோதனை எழுதினார். விலகல் துன்பத்தைத் தணிக்க மருந்து உண்டென்றும், நாவின் அடியில் வைக்கும் புப்ரினார்பின் போன்ற மருந்தைச் சிலர் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ எடுக்க வேண்டியிருக்கும் என்றும் விளக்கினார். 'ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதையா?' என்று கேட்போர் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு நாள்தோறும் இன்சுலின் கொடுப்பதைப் போதை என்பாரா அவர்? அளவோடு, கண்காணிப்போடு, அலைச்சலும் நடுக்கமும் இன்றி ஒருவனை வேலைக்கு அனுப்பும் மருந்தை மருந்து என்றுதான் சொல்லவேண்டும்.

இடையில் ஒருமுறை அவன் வழுக்கி விழுந்தான், மீண்டும் சென்றான். இன்று வேலைக்குப் போகிறான். நாளை என்னவாகும் என்று வாக்குறுதி தர நம்மால் இயலாது. ஆனால் எங்கே செல்வது என்பது அவனுக்கும் தெரியும். அவன் தாய்க்கும் தெரியும்.

'காவல் நிலையத்துக்கு இழுப்பார்களே' என்பது மற்றோர் அச்சம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே, 64-அ என்னும் பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தாமே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அது நீக்கப்படலாம். விற்பவனுக்கு இந்தச் சலுகை இல்லை, இருக்கவும் கூடாது.

இனி, சொல்லவே நெஞ்சு நடுங்கும் ஒன்றைச் சொல்லவேண்டும்.

நமக்குத் தெரிந்த மற்றொரு வீடு. பிள்ளை மூன்று மாதம் ஒரு நிலையத்தில் இருந்து திரும்பினான். திருந்திவிட்டான் என்று மகிழ்ந்தார்கள். அக்காளின் திருமணப் பேச்சுக்கு உறவினர் வந்திருந்த இரவு, மாடியறையில் பழைய அளவையே எடுத்துக்கொண்டான். குறட்டை விசித்திரமாகக் கேட்டது. தட்டினார்கள், எழவில்லை. 'தூங்கட்டும், சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள், சத்தம் வேண்டாம்' என்று கதவைச் சாத்தினார்கள். விடியலில் உடல் சில்லிட்டிருந்தது.

அவர்களைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. அவர்களுக்குச் சொல்வார் இல்லை, அதுதான் குறை. சில நாள் நிறுத்தியவரின் உடல் பழைய தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. நேற்றுப் போதை தந்த அளவே இன்று கொல்லும் அளவாகிறது. சிறையிலிருந்தும் சிகிச்சையிலிருந்தும் திரும்பிய முதல் சில வாரங்கள்தாம் பெருங்கண்டம். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் கண்டம் பன்மடங்கு. அபினி வகை மருந்து மிகும்போது, மூச்சு விடச் சொல்லும் மூளைப் பகுதியே உறங்கிவிடுகிறது. நெஞ்சு நிற்குமுன் மூச்சு நிற்கிறது.

அடையாளங்களை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: உரக்க அழைத்தும், உலுக்கியும் விழிக்காமை, மூச்சு மிக மெதுவாதல் அல்லது நிற்றல், கரகரவென்ற குறட்டை, உதடும் நகமும் நீலமாதல், கண்மணி ஊசிமுனை போல் சுருங்குதல். கண்டதும் 108-ஐ அழையுங்கள். 'மூச்சு இல்லை' என்பதை முதலில் சொல்லுங்கள். என்ன எடுத்தான் என்பதை மறைக்காதீர்கள். மல்லாத்தி, தலையைப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து வினாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். நாடியும் இல்லையெனில் மார்பின் நடுவே விடாமல் அழுத்துங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புநீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் செல்லும்.

மருத்துவமனையில் இதற்கு மாற்று மருந்து உண்டு. நலாக்சோன் என்பது அதன் பெயர். சில நிமிடங்களில் மூச்சை மீட்டுத் தருவது. அதன் ஆற்றல் ஒரு மணி நேரம் அளவில் குறைந்துவிடும். உள்ளே போன மாத்திரையோ அதற்குப் பின்னும் நிற்கலாம். ஆகவே, 'கண் விழித்துவிட்டான், வீட்டுக்குப் போவோம்' என்று கிளம்பிவிடக் கூடாது. அருகிருப்போர் கையிலேயே இம்மருந்து கிடைக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2014-இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2023 முதல், மூக்கில் பீச்சும் வடிவில் சீட்டில்லாமலே விற்கிறார்கள். இங்கும் குடும்பங்களின் கைக்கு அது எட்டவேண்டும் என்று கேட்பது நம் கடமையல்லவா?

கதவைத் திறந்தால் எங்கே செல்வது என்று கேட்பீர்கள். போதை மீட்புக்கான நாடளாவிய கட்டணமில்லாத் தொலைபேசி 14446. மனநல உதவிக்கு 14416. தமிழ்நாட்டின் மருத்துவ ஆலோசனைக்கு 104. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2025-இல் 'கலங்கரை' என்னும் பெயரில் 25 போதை மீட்பு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் தொடங்கப்பட்டன. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், துயரை மூடிவைக்காமல், 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளரோடு குடும்பத்தாருக்கும் பயிற்சி அளிப்பது. ஒரு பெண் தன் வீட்டுக் கதவைத் திறந்தார். ஆயிரமாயிரம் வீடுகளுக்கு வழி பிறந்தது!

இளைஞர்களே! உங்கள் படிப்பகத்துக் கரும்பலகையில் அந்த எண்களை எழுதுங்கள். அடுத்த விடுமுறையில் இருவராகச் சென்று, மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தக் கட்டடத்தில், எந்த நாள்களில், எத்தனை மணிக்கு என்று கேட்டறிந்து அதையும் எழுதுங்கள். மூச்சூதும் முறையை ஒரு மருத்துவரை அழைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். தெருவில் ஒரு தாய் முகம் மறைத்துப் போவதைக் கண்டால், கதை கேட்காதீர்கள். 'அம்மா, நாளை நானும் கூட வருகிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். போகும் வழியில் அவர் தாமே பேசுவார்.